டிரோனுக்கு முன்னாடி கட்டிப்பிடிக்கலாம், காரில் மட்டும் போகக் கூடாதா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் காரமும் உண்டு. "நிச்சயம் ஆன பிள்ளைகளைத் தனியா அனுப்புறதா, சிவ சிவா" என்று காதைப் பொத்துகிற வகையறாக்கள் ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து நிதானமா உட்காருங்க. முக்கியமா உங்களுக்காகத்தான் எழுதறேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். நிச்சயதார்த்தம் முடிஞ்ச ஒரு பையனையும் பொண்ணையும், தாலி கட்டறதுக்கு முன்னாடி, நாலஞ்சு நாள் ஒரே காரில் சொந்தக்காரங்க வீடு, சிநேகிதங்க வீடுன்னு போய்ப் பார்த்துட்டு வர அனுப்பணும். அனுப்பலாம்னு சொல்லலை, அனுப்பணும்னு சொல்றேன். அதுவும் பையன் வெளிநாட்டில் இருக்கிறவனா இருந்தா, பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இது நடந்தாகணும்.

இதை நான் திடீர்னு ஞானோதயம் வந்து சொல்லலை. இப்போ எங்க குடும்பத்தில் நான்தான் வில்லன். என் அக்கா குடும்பம் திருவனந்தபுரத்தில், கரமனைப் பக்கம். நாங்க நாகர்கோவில்காரங்க. அத்தான் தும்பாவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அக்கா மகள் பிடிஎஸ் முடிச்சு, அங்கேயே ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். போன ஆவணியில் அவளுக்கு நிச்சயம். பையன் டல்லாஸில் சாப்ட்வேர், எச்-1பி. அப்பா அம்மா தாம்பரத்தில், பூர்வீகம் திருநெல்வேலி. நானும் நிச்சயத்துக்காக நியூஜெர்சியிலிருந்து லீவு போட்டுப் போயிருந்தேன்.

நிச்சயம் முடிஞ்ச மறுநாள் பிள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்து ஒண்ணு கேட்டாங்க. பையனுக்கு லீவு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. அத்தான் காரை எடுத்துக்கிட்டு நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, திருச்சி, அப்படியே சென்னை. சுத்தி வளைச்சு 800 கிலோமீட்டருக்குப் பக்கம். ராத்திரி தங்கறது எல்லாம் ரெண்டு பக்கத்துச் சொந்தம், கூடப் படிச்சவங்க வீட்டில். சென்னையில் பையனை இறக்கிவிட்டுட்டு, இவள் ரயிலில் திரும்பிடுவாள். காரை அத்தானோட தம்பி மகன் ஓட்டிக்கிட்டு வந்துடுவான். பிள்ளைங்க எவ்வளவு யோசிச்சு வச்சிருக்காங்க பாருங்க.

அக்கா என்னைப் பார்த்து, "ஏலே, நீ சொல்லிக்கொடுத்தியா?" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கலை. ஆனா கேட்ட உடனே "ரொம்ப நல்ல யோசனை"ன்னு சொன்னது நான்தான். அத்தான் பேசவே இல்லை. 1963 நவம்பர் 21ல் முதல் ராக்கெட் கிளம்பின தும்பாவில் வேலை பார்த்த மனுஷன், மகள் கரமனையிலிருந்து கார் எடுத்துக்கிட்டுப் போறதுக்கு இவ்வளவு கவுண்ட்டவுன் போட்டார்!

இதிலே பெரிய கூத்து என்ன தெரியுமா? இந்தப் பேச்சு நடந்த அதே வாரம், அதே வீட்டில், 'ப்ரீ வெட்டிங் ஷூட்'டுக்கு அட்வான்ஸ் கொடுத்து முடிச்சிருந்தாங்க. வர்க்கலை கடற்கரையில் ஒரு நாள், பொன்முடியில் ஒரு நாள். கேமரா பிடிக்கிறவர், லைட் பிடிக்கிறவர், மேக்கப் போடறவர், டிரோன் பறக்க விடற பையன்னு நாலு பேர் கூட்டம். நாலு பேரும் எங்களுக்கு யாருன்னே தெரியாது. அவங்க "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க சார், நெத்தியோட நெத்தி வைங்க மேடம், அப்படியே கட்டிப்பிடிங்க" என்று சொல்ல, பிள்ளைங்க அலையில் நின்னு கட்டிப்பிடிக்கணும். அதை மண்டபத்தில் பெரிய ஸ்கிரீனில் ஓட்டி, பெரியவங்க எல்லாரும் பந்தி முடிஞ்சு பீடா மென்னுக்கிட்டே பார்ப்பாங்க. அதில் மானம் போகாது. தெரியாத நாலு பேர் சொல்லிக் கட்டிப்பிடிச்சா அது ஆல்பம். தெரிஞ்ச பெரியம்மை வீட்டுக்குச் சாப்பிடப் போனா அது அசிங்கம். என்னங்க நியாயம் இது?

அந்த நாலு பேர் முன்னாடி எடுத்த படத்தில் பையன் எப்படிச் சிரிப்பான்னு தெரியும். டயர் பஞ்சர் ஆனா எப்படிக் கத்துவான்னு தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டாவது.

அடுத்து, "ஊர் என்ன சொல்லும்?" இந்த ஊர் யாருன்னு கொஞ்சம் பார்த்துடுவோம். திருவனந்தபுரம் படிச்ச ஊர், முற்போக்கு ஊர்னு வெளியில் பேரு. 2022 ஜூலையில் ஸ்ரீகார்யத்தில் இன்ஜினியரிங் காலேஜ் பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாப்பில் என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கா? பையன்களும் பொண்ணுங்களும் ஒட்டி உட்கார்றாங்கன்னு, அங்கே இருந்த நீள பெஞ்சை அந்த ஏரியாக்காரங்க வெட்டி, இடைவெளி விட்டு மூணு தனித்தனி சீட்டா ஆக்கிட்டாங்க. காலேஜ் பிள்ளைங்க சண்டை எல்லாம் போடலை. ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்து போட்டோ எடுத்துப் போட்டாங்க. ஊரே சிரிச்சுது. அப்போ மேயரா இருந்த ஆர்யா ராஜேந்திரன் நேரில் வந்து பார்த்து, இது சரியில்லை, ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ற மாதிரி புது நிழற்குடை கட்டித் தர்றோம்னு சொன்னாங்க. இதில் எனக்குப் பிடிச்ச விஷயம், அந்த மேயரே அப்போ நிச்சயம் ஆன பொண்ணு! அந்த வருஷம் மார்ச்சில் பாலுசேரி எம்எல்ஏ சச்சின் தேவோட நிச்சயம். செப்டம்பர் 4ஆம் தேதி ஏ.கே.ஜி. ஹாலில் கல்யாணம், பரிசுப் பொருள் யாரும் கொண்டு வராதீங்கன்னு வேண்டுகோளோட. அவங்க ரெண்டு பேரும் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரே காரில் போனாங்களா இல்லையான்னு எனக்கு அக்கறை இல்லை. பெஞ்சை வெட்டின ரம்பம் பக்கம் நிக்கிறதா, அந்தப் பிள்ளைங்க பக்கம் நிக்கிறதான்னு வரும்போது, நம்ம வீட்டுப் பெரியவங்க ரம்பத்தைத்தான் கையில் எடுக்கிறாங்க. அதுதான் அக்கறை.

அதே ஊரில் 2017 பிப்ரவரியில் மியூசியம் வளாகத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஜோடியைப் போலீஸ் விரட்ட, அவங்க அதை அப்படியே ஃபேஸ்புக்கில் நேரலையாப் போட்டாங்க. ஏர்போர்ட் பக்கம் சங்குமுகம் கடற்கரைக்குப் போனீங்கன்னா கானாயி குஞ்ஞிராமன் செஞ்ச சாகரகன்யகா படுத்திருக்கும். 80 அடிக்கு மேல் நீளம், உடம்பில் ஒட்டுத்துணி கிடையாது. குடும்பத்தோட போய் அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்குவோம். சிலைக்கு முன்னாடி வெட்கம் இல்லை, சுண்டல் வாங்கித் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேரைப் பார்த்தாத்தான் வந்துடுது. (கேரளாவை மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க. நம்ம பக்கம் பெஞ்சே கிடையாது, வெட்டறதுக்கு :) )

ஆனா இந்த ஊர்ப் பேச்செல்லாம் மேலோட்டம். உண்மையான வாதம் வேற. அத்தானோட அக்கா ஒரு அத்தை இருக்காங்க, எண்பதை நெருங்கினவங்க. அவங்கதான் நேரடியாக் கேட்டாங்க. "நாங்க எல்லாம் முகத்தையே சரியாப் பார்க்காமத்தான் கழுத்தை நீட்டினோம். கெட்டா போயிட்டோம்?"

நல்ல கேள்வி. இதுக்குப் பதில் சொல்லியே ஆகணும்.

அத்தை, நீங்க முகம் பார்க்காமக் கட்டிக்கிட்டீங்க. ஆனா பையனோட அம்மாவை உங்க அம்மாவுக்குத் தெரியும். அவங்க தெருவில் உங்க சித்தி இருந்தாங்க. பையன் குடிப்பானா, கை நீட்டுவானா, சம்பளத்தை யார் கையில் கொடுப்பான்னு எல்லாம் விசாரிக்க ரெண்டு ஊரிலும் ஆள் இருந்தது. நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் 1956 நவம்பர் 1 வரைக்கும் ஒரே சமஸ்தானம், ஒரே மாநிலம். களியக்காவிளையில் கோடு போட்ட பிறகும் சொந்தம் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் அப்படியேதான் இருந்தது. என் அக்காவையே எடுத்துக்குங்க. கல்யாணம் ஆன முதல் ரெண்டு வருஷத்தில், அத்தானோட கோவம் வந்த போதெல்லாம் தம்பானூரில் பஸ் ஏறி ரெண்டு ரெண்டரை மணி நேரத்தில் வடசேரியில் வந்து இறங்கிடுவாள். அம்மா ஒண்ணும் கேட்க மாட்டாங்க, சோறு போடுவாங்க. மூணாம் நாள் அத்தான் வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அப்பா அவரோட பேப்பரில் வந்த செய்தியை எல்லாம் பேசிட்டு, கடைசியில் "சரி, சாயங்கால வண்டிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார். எங்க அக்கா குடும்பம் நல்லா இருக்குன்னா அதில் பாதிப் புண்ணியம் அந்த தம்பானூர் – வடசேரி பஸ்ஸுக்குத்தான்.

டல்லாஸிலிருந்து வடசேரிக்கு எந்த பஸ் போகுது அத்தை?

இந்த இடத்தில்தான் நம்ம ஜனங்க கண்ணை மூடிக்கிறாங்க. எச்-4 விசாவில் போற பொண்ணோட இருப்பு மொத்தமும் புருஷனோட எச்-1பியில் தொங்குது. அவன் வேலை போனா இவள் விசாவும் போகும். விவாகரத்து ஆனா எச்-4ம் முடிஞ்சது. அவள் வேலை பார்க்க முடியுமான்னா, 2015 மே 26க்கு முன்னாடி எச்-4ல் யாருக்கும் கிடையாது. அன்னையிலிருந்து வந்த விதிப்படி, புருஷனோட கிரீன் கார்டு பாதையில் ஐ-140 அங்கீகாரம் ஆகியிருக்கணும், இல்லைன்னா ஆறு வருஷத்துக்கு மேல் எச்-1பி நீட்டிப்பு வாங்கியிருக்கணும். அப்போதான் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கவே முடியும். நான் இருக்கிற அபார்ட்மென்ட் காம்ப்ளக்ஸில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாக்கிங் போற நம்ம ஊர்ப் பொண்ணுங்களைப் பார்த்திருக்கேன். எம்.ஈ., எம்.காம்., பி.ஃபார்ம். படிச்சவங்க. ஊருக்கு வீடியோ காலில் பேசும்போது மட்டும் முகத்தில் வெளிச்சம் வரும். யாரும் அவங்களை அடிக்கலை, கொடுமைப்படுத்தலை. வர்றதுக்கு முன்னாடி யாரும் எதையும் சொல்லலை, அவ்வளவுதான்.

சிலருக்கு நடந்தது இதைவிட மோசம். கட்டிக்கிட்டு விட்டுட்டு ஓடின மாப்பிள்ளைகள் கதை அவ்வளவு சேர்ந்ததால்தான் 2009ல் தேசிய மகளிர் ஆணையத்தில் அதுக்குன்னே தனிப் பிரிவு வச்சாங்க. 2019 பிப்ரவரியில் என்ஆர்ஐ கல்யாணங்களை 30 நாளுக்குள் பதிவு பண்ணணும்னு மாநிலங்களவையில் மசோதா வந்தது. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன்னோட 287வது அறிக்கையில், இதுக்கு முழுமையான தனிச் சட்டம் வேணும்னு சொல்லிச்சு. சட்டம் வரட்டும், நல்லது. ஆனா சட்டம் தாலி கட்டின பிறகுதான் வேலைக்கு வரும். தாலி கட்டறதுக்கு முன்னாடி நமக்கு இருக்கிற ஒரே ஏற்பாடு என்ன? பஜ்ஜி, சொஜ்ஜி, மாடியில் இருபது நிமிஷம் தனிப் பேச்சு, அதுக்கப்புறம் தினம் ராத்திரி வாட்ஸப். வாட்ஸப்பில் எல்லாரும் நல்லவங்கதாங்க. "சாப்டியா?", "ம்ம், நீ?" இதில் யார் குணம் தெரியும்?

காரில் தெரியும். நாலு மணி நேரம் ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு பேர். போனைப் பார்த்துக்கிட்டு ஓட்ட முடியாது, எழுந்து போக முடியாது. டோல்கேட்டில் நிக்கிற பையன்கிட்ட எப்படிப் பேசறான், வழி தப்பினா யார் மேல பழி போடறான், அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்"னு கத்தறானா, ஹோட்டலில் சாம்பார் கொட்டின சர்வரை என்ன சொல்றான். இவளும் அப்படித்தான். பசி வந்தா எப்படி மாறுவாள்னு அவனுக்கும் தெரியணும் இல்லையா?

கடைசியில் அத்தான் ஒத்துக்கிட்டார். "மாப்ளே, பொறுப்பு உன்னோடது" என்றார் என்கிட்ட. தம்பியைக் கூட அனுப்பணும்னு அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். அவனுக்கு செமஸ்டர் பரீட்சை. தப்பிச்சாங்க.

களியக்காவிளை தாண்டி, மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறி, மத்தியானம் நாகர்கோவிலில் பெரியம்மை வீட்டில் மீன்குழம்பு. பெரியம்மை பையனை ஒரு மணி நேரம் குடைஞ்சு எடுத்திருக்காங்க. சம்பளம் கேட்கலை. "அங்கே உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு கஞ்சி வைப்பா?"ன்னு கேட்டிருக்காங்க. அந்த ஒரு கேள்விக்கு அவன் சொன்ன பதிலில், அவனோட ரூம்மேட் யாரு, சமைக்கத் தெரியுமா, லீவு போட்டா வேலை என்ன ஆகும்னு எல்லாம் வந்திருச்சு. எந்த மேட்ரிமோனி சைட்டில் இந்தக் கேள்வி இருக்கு சொல்லுங்க. ராத்திரி திருநெல்வேலியில் பையனோட சித்தப்பா வீடு. அங்கே இவளுக்குத் தெரிய வந்தது, பையன் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடனை அவன்தான் இன்னும் அடைக்கிறான் என்று. சித்தி சமையலறையில் வச்சுப் பெருமையாச் சொன்ன விஷயம், "எங்க பிள்ளை எவ்வளவு பொறுப்பு பாரு"ன்னு. நல்ல விஷயம்தான். ஆனா நிச்சயத்தில் ஒருத்தர் வாய் திறக்கலையே?

மறுநாள் கோவில்பட்டியில் டீக்கு நிறுத்தி, கடலைமிட்டாய் வாங்கிக்கிட்டு, காரில் ஏறும்போது இவள் கேட்டிருக்காள். "உங்க ஐ-140 ஆச்சா?" அவன் முழிச்சிருக்கான். ஐ-140 எங்கே, அதுக்கு முந்தின படியான பெர்ம்மே கம்பெனி இன்னும் போடலை. அவங்க அம்மா எங்க அக்காகிட்ட சொன்னது என்ன தெரியுமா? "அங்க போய் உங்க பொண்ணு சொந்தமா கிளினிக்கே வைக்கலாம்." பையனும் ஏதோ ஒரு பரீட்சை எழுதினாப் போதும்னுதான் நினைச்சிருக்கான். பொய் சொல்லலை பாவம், தெரியலை. நம்ம ஊர் பிடிஎஸ் அமெரிக்காவில் அப்படியே செல்லாது. ஐஎன்பிடிஇன்னு தேசியத் தேர்வு எழுதி, பெரும்பாலான மாநிலங்களில் அங்கே உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் இன்னும் ரெண்டு மூணு வருஷம் படிச்சுத்தான் லைசென்ஸ். அந்தப் படிப்புக்கு ஆகிற செலவைக் கேட்டா நமக்குப் பல் ஆட ஆரம்பிச்சுடும். எச்-4ல் படிக்கலாம், தடையில்லை. ஆனா பணம்? அவன் ஏற்கெனவே ஒரு கடன். இவளுக்குப் படிப்புக் கடன் இன்னும் பாக்கி, அத்தான் ஜாமீன். அதை இவளும் அவன்கிட்ட சொல்லியிருக்கலை. சாத்தூரிலிருந்து மதுரை வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் மதுரையில் இவளோட ஹாஸ்டல் தோழி வீட்டில், அந்தத் தோழியும் அவள் புருஷனும் கூட உட்கார்ந்து, ராத்திரி ஒரு மணி வரைக்கும் நோட்டில் கணக்குப் போட்டிருக்காங்க.

இதைத்தான் சொல்றேன். மாடியில் இருபது நிமிஷத்தில் இது வராது. வாட்ஸப்பில் கேட்டா சண்டை ஆகும், சண்டை வந்தா ரெண்டு நாள் 'ப்ளூ டிக்'கோட நின்னுடும். கோவில்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவில் இறங்கி ஓட முடியாது. மௌனமா இருந்தாலும் சேர்ந்துதான் இருந்தாகணும். அப்புறம் போற வீட்டில் சோறு போட்டு நடுவில் உட்கார நமக்கு வேண்டிய ஆளுங்க இருப்பாங்க. ரெண்டு பேர் மட்டும் கோவாவுக்குப் போறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நான் ஊர் சுத்தச் சொல்லலை, விருந்துக்குப் போகச் சொல்றேன். கல்யாணம் முடிஞ்சு புதுப் பொண்ணு மாப்பிள்ளையை வீடு வீடா விருந்துக்குக் கூப்பிடற வழக்கம் நம்மளோடதுதானே? முன்னே அது மாசக்கணக்கில் நடக்கும். இப்போ பையனுக்குக் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு. மறுவீடு, கோயில், விசா பேப்பர்னு ஓடி, விருந்து எல்லாம் ஜூஸ் குடிச்சுட்டு எழுந்திரிக்கிறதா ஆகிப்போச்சு. சித்தி பேரே தெரியாம பொண்ணு பிளேன் ஏறுது. அந்த விருந்தை நாலு மாசம் முன்னாடி தள்ளுங்கன்னுதான் கேட்கறேன். வழக்கத்தை உடைக்கலை சாமி, தேதியை மாத்தறேன்.

ஒரே ஒரு ராத்திரிதான் பிரச்சினை ஆச்சு. திருச்சிக்கு அப்புறம் டெல்டா பக்கம் ஒரு ஊரில், தங்க வேண்டிய நண்பன் வீட்டில் ஒரு சாவு. சரின்னு லாட்ஜ் பார்த்திருக்காங்க. ரெண்டு தனித்தனி ரூம்தான் கேட்டாங்க. ரிசப்ஷனில் ரெண்டு ஆதார் கார்டையும் பார்த்துட்டு "மேரேஜ் சர்டிபிகேட் இருக்கா?"ன்னு கேட்டாராம். தனித்தனி ரூமுக்கு எதுக்குங்க கல்யாணச் சான்றிதழ்? "ரூல்ஸ் சார்." அப்படி ஒரு ரூல் கிடையாது. 2019ல் கோயம்புத்தூரில் கல்யாணம் ஆகாத ஜோடி தங்கியிருந்தாங்கன்னும் காரணம் சொல்லி ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்குச் சீல் வச்சாங்க. அந்த வருஷம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் ஆகாத ரெண்டு வயது வந்தவங்க ஒரே அறையில் தங்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லைன்னு தெளிவாச் சொல்லி, சீலை எடுக்கச் சொல்லிடுச்சு. ஒரே அறைக்கே சட்டம் இல்லைங்க, இவங்க கேட்டது ரெண்டு! 2025 ஜனவரியில் ஓயோவே மீரட்டில் ஜோடிகள்கிட்ட உறவுக்குச் சான்று கேட்கலாம்னு கொள்கையை மாத்திச்சு. அந்தந்த ஹோட்டல் இஷ்டமாம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பொண்ணை ரோட்டில் நிறுத்தறது கலாச்சாரம், அறைச் சாவியைக் கொடுக்கிறது கலாச்சாரச் சீரழிவு. என்ன செஞ்சாங்க? நண்பனோட பக்கத்து வீட்டு ஆச்சி கூப்பிட்டுப் பாய் போட்டுக் கொடுத்திருக்காங்க. "நிச்சயம் ஆயிட்டுதா? சந்தோஷம். நீ உள்ள படு, அவன் திண்ணையில படுக்கட்டும்." அந்த ஆச்சிக்கு இருக்கிற தெளிவு நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒருத்தருக்கும் இல்லை.

"சரி, போயிட்டு வந்து நின்னு போச்சுன்னா? பொண்ணு பேரு கெட்டுடுமே?" இதுதான் கடைசிக் கேள்வி, எல்லாரும் மனசில் வச்சிருக்கிறது. பயம் நிஜம். கல்யாணம் நின்னா பையனை "அமெரிக்கா பையன், ஆயிரம் பொண்ணு கிடைக்கும்"ன்னு சொல்ற ஊர், பொண்ணை அப்படிச் சொல்லாதுன்னு எனக்கும் தெரியும். அதனால்தான் இந்தப் பயணம் ரெண்டு வீட்டுச் சம்மதத்தோட, ரெண்டு வீட்டுச் சொந்தங்க வாசலில் வரவேற்க, பகிரங்கமா நடக்கணும்னு சொல்றேன். ஒளிஞ்சு போனாத்தான் பேச்சு. எட்டு வீட்டில் சோறு போட்டு அனுப்பினவங்க நாளைக்கு அந்தப் பொண்ணைப் பத்தி வாய் திறந்தா, அவங்க போட்ட சோத்தைப் பத்தியும் பேசணும். அப்படியே நின்னாலும், கரமனையில் நின்ன நிச்சயத்துக்கு அழறது ஆறு மாசம். டல்லாஸில் நின்ன கல்யாணத்துக்கு வக்கீல் ஃபீஸோட அழணும், பக்கத்தில் அம்மா இல்லாம.

எங்க வீட்டில் நிக்கலை. ஆனா தையில் நடக்க வேண்டிய கல்யாணம் அடுத்த ஆவணிக்குப் போயிருக்கு. அதுதான் இப்போ என் மேல உள்ள குற்றப்பத்திரிகை. மண்டபம் அட்வான்ஸ் போச்சு, பாட்டுக் கச்சேரி அட்வான்ஸ் போச்சு. அத்தை என்னோட பேசறதில்லை. பையனோட அம்மா "நம்ம பிள்ளைங்களைக் கெடுத்ததே அந்த நியூஜெர்சிக்காரர்தான்"னு தாம்பரம் முழுக்கச் சொல்றாங்களாம். தள்ளிப் போட்டது நான் இல்லைங்க, அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து மதுரையில் போட்ட கணக்கு. இவள் இந்த ஒரு வருஷம் வேலை பார்த்து படிப்புக் கடனில் பெரும்பகுதியை அடைக்கிறாள். டோஃபல், சர்டிபிகேட் மதிப்பீடு எல்லாம் ஊரிலிருந்தே முடிக்கிறாள். எச்-4ல் போகாம, அட்மிஷன் கிடைச்சா நேரே மாணவர் விசாவில் போகலாமான்னும் பார்க்கிறாள். அவன் கம்பெனியில் பெர்ம் போடச் சொல்லி மேனேஜரை நச்சரிக்கிறான். தங்கச்சி கல்யாணக் கடனுக்கு மாசம் எவ்வளவுன்னு இவளுக்கு எக்செல் ஷீட் அனுப்பியிருக்கான். காதல் கடிதம் எல்லாம் இப்படித்தான் இருக்கணும் :)

மண்டபத்துக்காரர் திருப்பித் தராத பணத்தைச் சொல்லிச் சொல்லி அக்கா புலம்பறாள். அந்தப் பணம் ஒரு டல்லாஸ் டிக்கெட் விலைகூட வராது.

போன வாரம் பையன் எனக்குப் போன் பண்ணினான். மார்கழியில் ரெண்டு வாரம் லீவு கிடைக்குமாம். அவங்க அம்மா பக்கத்துச் சொந்தம் கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் இருக்காங்க, போன தடவை விட்டுப் போச்சு, பாலக்காடு வழியா ஒரு சுத்து போயிட்டு வரலாமான்னு கேட்கிறான். இந்தத் தடவை முழுக்க அவளே ஓட்டறாளாம். அத்தான்கிட்ட நான் பேசணுமாம். ஞாயித்துக்கிழமை அவங்க சாயங்காலம், எனக்குக் காலை, கூப்பிடப் போறேன். போனை அக்கா எடுக்காம இருக்கணும்.